முன்வரிசைப் பெட்டி

சோப்புத்தூள் அடுக்குக்குள் அவள் கையை விட்டாள். போன மாதம் மணிக்கட்டு நுழைவதற்குள் அடுத்த பெட்டி விரலில் தட்டுப்படும். போன வாரம் முழங்கை வரைக்கும் போனது. இன்று தோள்பட்டை அடுக்கின் விளிம்பில் இடிக்கும் வரைக்கும் கை உள்ளே போய், விரல் நுனி பின்பக்கத் தகரத்தைத் தொட்டது. முன்னால் நின்ற ஒன்பது பெட்டிகளுக்குப் பின்னால் ஒன்றுமே இல்லை.

ஒன்பதையும் விளிம்புக்கு இழுத்து, பெயர் எழுதிய பக்கம் வெளியே பார்க்கும்படி திருப்பி, இரண்டு பெட்டிக்கு நடுவில் இரண்டு விரல் இடைவெளி விட்டு நிறுத்தினாள். நேராக நின்று பார்த்தால் அடுக்கு நிறைந்திருந்தது. கடையில் இதற்கு ஃபேசிங் என்று பெயர். யாராவது ஒரு பொருளை எடுத்துப் போனால், அதற்குப் பின்னால் இருப்பதை உடனே முன்னுக்கு இழுத்துவிட வேண்டும். ஓட்டை தெரியக் கூடாது. பதினான்கு வருடமாக அவளுக்கு இதுதான் வேலை. அவள் வைத்த வரிசை நூல் பிடித்ததுபோல இருக்கும் என்பதால் பில் போடுகிற பெண்கள் அவளுக்கு ஸ்கேல் என்று பெயர் வைத்திருந்தார்கள். கூப்பிடும்போது ஸ்கேலக்கா.

கடையில் என்ன தீரப்போகிறது என்பது மேனேஜரின் கம்ப்யூட்டருக்குத் தெரிவதற்கு முன்பே ஸ்கேலக்காவின் கைக்குத் தெரிந்துவிடும். முதலில் தீப்பெட்டி. அப்புறம் பல்பு. அப்புறம் பாத்திரம் தேய்க்கிற நார். பற்பசை தீர்ந்தபோது மேனேஜர் அந்த அடுக்கு முழுவதும் பல் குத்துகிற குச்சியை வைக்கச் சொன்னார். எட்டு வரிசை குச்சி. ஒரு கிழவர் அதன் முன்னால் வெகுநேரம் நின்று பார்த்துவிட்டு, பல் விளக்க வந்தவனைக் குத்திக்கொண்டு போகச் சொல்கிறீர்களா என்று கேட்டார். ஸ்கேலக்காவுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கவில்லை. மேனேஜர் பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

சரக்கு இல்லை என்ற வார்த்தையைக் கடைக்குள் யாரும் சொல்லக் கூடாது என்பது அவர் போட்ட உத்தரவு. "வந்துக்கிட்டிருக்கு" என்று சொல்ல வேண்டும். எங்கிருந்து, எப்போது என்று கேட்டால் சிரித்துக்கொண்டே நகர்ந்துவிட வேண்டும்.

பழைய உத்தரவு இன்னொன்றும் உண்டு. வேலை செய்கிறவர்கள் வேலை நேரத்தில் எதையும் வாங்கக் கூடாது, ஒதுக்கியும் வைக்கக் கூடாது. ஆறு மணிக்கு ஷிப்ட் முடிந்த பிறகு, மிச்சம் இருந்தால் வாங்கலாம். அந்த ஒன்பது பெட்டிகளில் ஒன்றைக்கூட ஸ்கேலக்கா ஆறு மணிக்குப் பார்க்கவில்லை. பதினொன்றரைக்கே கடைசிப் பெட்டி போய்விட்டது. அதையும் அவள்தான் ஒரு அம்மாவுக்குக் கை நீட்டி எடுத்துக் கொடுத்தாள்.

வீட்டில் சோப்புத்தூள் தீர்ந்து நான்கு நாள் ஆகியிருந்தது.

அவள் கணவன் பெயிண்டர். மூன்றாவது மாடிக்கு வெள்ளை அடித்துக்கொண்டிருந்தபோது சாரம் சரிந்து விழுந்தான். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. பத்து மாதமாகக் கட்டில்தான். படுக்கை விரிப்பை, மேலே ஒன்று அடியில் ஒன்றாக, ஒரு நாளைக்கு இரண்டு தடவை மாற்ற வேண்டும். இருப்பது நான்கு விரிப்பு. காலையில் இரண்டு, சாயந்திரம் இரண்டு என்று துவைத்தால்தான் கட்டும். முதுகின் அடியில், எலும்பு முட்டுகிற இடத்தில், சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு புண் வந்திருந்தது.

வாரம் ஒரு தடவை வருகிற நர்ஸம்மா அதைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "வெந்நீர்ல சோப்புத்தூள் போட்டு ஊறவச்சு துவைங்க. வெறும் தண்ணில அலசின துணிய இது மேல போடாதீங்க. சீழ் கட்டிச்சுன்னா என் கையில இல்ல, மறுபடியும் ஆஸ்பத்திரிதான்."

போன தடவை ஆஸ்பத்திரியில் நாற்பது நாள் இருந்தான். வார்டில் பக்கத்துக் கட்டில்காரர் இதே மாதிரிப் புண்ணோடு வந்தவர். நடந்து வந்தவர் நடந்து போகவில்லை. கணவனும் மனைவியும் அதைப் பற்றிப் பேசிக்கொள்வதில்லை.

இந்த நான்கு நாளாகக் குளிக்கிற சோப்பைக் கத்தியால் சீவிப் போட்டு ஊறவைத்துக்கொண்டிருந்தாள். அதுவும் விரல் கனத்துக்கு வந்துவிட்டது. விரிப்பில் மஞ்சள் நிற வட்டங்கள் போகவில்லை. காய்ந்த பிறகும் வாடை இருந்தது.

கணவன் அவளை மேடம் என்றுதான் கூப்பிடுவான். "என்ன மேடம், அவ்வளவு பெரிய கடையையே அடுக்கி வைக்கிறீங்க. வீட்டுக்கு வரும்போது கை நிறைய காத்துதான் கொண்டு வர்றீங்க."

"காத்துக்கும் ஃபேசிங் பண்ணிட்டுத்தான் வர்றேன், கவலைப்படாதீங்க" என்றாள் அவள்.

அந்த வாரம் செவ்வாய்க்கிழமை காலையில் மேனேஜர் எல்லோரையும் குடோனில் நிற்க வைத்துப் பேசினார். வியாழக்கிழமை இந்தக் கடைகளின் சேர்மன் வருகிறார். கூடவே பத்திரிகைக்காரர்கள் வருகிறார்கள். ஊரில் வீட்டுச் சாமான் கிடைக்கவில்லை என்று சிலர் புரளி கிளப்புகிறார்கள், நம்முடைய கடைகளில் எல்லாம் இருக்கிறது என்று சேர்மன் நேரில் காட்டப்போகிறார் என்றார். இதைச் சொல்லும்போது அவர் சாய்ந்து நின்ற சரக்கு மேடையில் சரக்கு இல்லை. தூசியில் பழைய பெட்டிகளின் சதுரத் தடங்கள் மட்டும் இருந்தன.

பரண்மேல் அட்டைக் கட்டு ஒன்று கிடந்தது. இரண்டு வருடத்துக்கு முன் சோப்புத்தூள் கம்பெனி எந்தக் கடை உயரமாகக் கோபுரம் அடுக்குகிறது என்று போட்டி வைத்தபோது அனுப்பிய வெறும் பெட்டிகள். அந்தப் போட்டியில் மேனேஜருக்கு ஒரு சுவர்க் கடிகாரம் கிடைத்தது. கோபுரம் கட்டியவள் ஸ்கேலக்கா. அந்தப் பெட்டிகளை மடித்து ஒட்டி அடுக்கை நிரப்ப வேண்டும் என்றார் மேனேஜர். வியாழக்கிழமை சேர்மன் போகும் வரைக்கும் சோப்புத்தூளுக்கு பில் போடுவதையும் நிறுத்தச் சொன்னார்.

இல்லாத சோப்புத்தூளுக்கு எப்படி பில் போடுவது என்று பில் போடுகிற பெண் ஒருத்தி மெதுவாகக் கேட்டாள். மேனேஜர் அவளைப் பார்த்த பார்வையில் அவள் தன் செருப்பைப் பார்க்க ஆரம்பித்தாள்.

இன்னொருவர், சேர்மனுக்கு இது வெறும் பெட்டி என்று தெரியுமா என்று கேட்டார்.

மேனேஜர் இதற்குக் கொஞ்சம் யோசித்தார். "அவருக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருப்பாரு. அவருக்குத் தெரியும்ங்கிறது நமக்குத் தெரியக் கூடாது. புரிஞ்சுதா?"

எல்லோரும் புரிந்தது என்றார்கள்.

பெட்டிகளை மடிக்கிற வேலை ஸ்கேலக்காவுக்கும் செருப்பைப் பார்த்த அந்த பில் பெண்ணுக்கும் வந்தது. தட்டையாகக் கிடப்பதைப் பிரித்து, அடியை மடக்கி, பிரவுன் டேப் ஒட்டி, தலையை மூட வேண்டும். ஒரு பெட்டிக்கு அரை நிமிடம். மத்தியானத்துக்குள் நூற்றைம்பது பெட்டி நின்றது. மின்விசிறியைப் போட்டதும் வரிசையாக விழுந்தன. மின்விசிறியை நிறுத்திவிட்டு வேர்வையோடு மறுபடி நிமிர்த்தினார்கள்.

கட்டின் கடைசியில், பரண் மூலையில், அட்டைகளுக்கு அடியில் கையை விட்டபோது ஒன்று நகரவில்லை. இழுத்தாள். இரண்டு கிலோ நிஜப் பெட்டி. கோபுரத்தின் அடியில் கனத்துக்காக வைத்தது, அப்படியே மறந்துபோயிருக்க வேண்டும். ஒரு மூலை நசுங்கியிருந்தது. ஒட்டு பிரியவில்லை. முகர்ந்து பார்த்தாள். அட்டையைத் தாண்டி எலுமிச்சை வாசனை வந்தது.

பில் பெண் பார்த்துவிட்டாள். அவளுக்கு ஸ்கேலக்கா வீட்டு நிலைமை தெரியும்.

"கொண்டு போயிடுங்கக்கா."

"வாட்ச்மேன் பையைத் துழாவாம விடுவானா? திருட்டுப் பட்டம் கட்டி அனுப்பிடுவாங்க. பில் போட்டே எடுத்துக்கிறேன்."

"பில்லு வியாழக்கிழமைதான் திறக்கும். ஆறு மணிக்கு நேரா என் கவுண்டருக்கு வாங்க. நானே போட்டுத் தர்றேன். அதுவரைக்கும் யார் கண்ணுலயும் படாம வைங்க."

ஸ்கேலக்காவுக்கு இடம் தேட வேண்டியிருக்கவில்லை. நடு அடுக்கு, இடமிருந்து ஐந்தாவது வரிசை. முன்னால் ஒரு வெறும் பெட்டி, அதன் பின்னால் நிஜப் பெட்டி. அந்த அடுக்கை அவளைத் தவிர யாரும் தொடமாட்டார்கள்.

அன்று வீட்டுக்குப் போய்க் கடைசி சோப்புத் துண்டு முழுவதையும் சீவிப் போட்டாள். வியாழக்கிழமை வரைக்கும் மிச்சம் பிடிக்க வேண்டிய அவசியம் இனி இல்லை.

வியாழக்கிழமை பத்து மணிக்குக் கடையின் கண்ணாடிக் கதவைச் சாத்தினார்கள். வாங்க வந்தவர்கள் வெளியே வெயிலில் நின்றார்கள். கடைக்குள் ஆள் இல்லாவிட்டால் படம் நன்றாக வராது என்பதால், பில் பெண்களில் ஆறு பேரை யூனிபாரத்தைக் கழற்றிவிட்டு வீட்டு உடுப்பில் தள்ளுவண்டியோடு நடக்கச் சொன்னார் மேனேஜர். வண்டியில் போட எதுவும் இல்லாததால் ஆளுக்கு நாலு பல் குத்தும் குச்சிப் பாக்கெட் கொடுத்தார். ஸ்கேலக்காவை மட்டும் யூனிபாரத்தோடு சோப்புத்தூள் அடுக்குக்குப் பக்கத்தில் நிறுத்தினார். எதுவும் கோணலாக இருந்தால் சரி செய்ய வேண்டும். வாயைத் திறக்கக் கூடாது. மின்விசிறிகள் நிறுத்தப்பட்டிருந்தன.

சேர்மன் பதினொன்றரைக்கு வந்தார். கதவருகே நின்றவர்களைப் பார்த்துக் கையாட்டினார். தங்களை உள்ளே விடப்போகிறார்கள் என்று நினைத்து வெளியே இருந்தவர்கள் முன்னால் நெருக்கினார்கள். வாட்ச்மேன் கதவை மறுபடியும் சாத்தினான். சேர்மன் வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். ஊரில் எல்லோருடைய வெள்ளையும் பழுப்பேறிப்போயிருந்த நேரத்தில் அந்தச் சட்டை விளக்குப் போட்டதுபோல இருந்தது. மேனேஜர் தன் சட்டைக் காலரைக் கோட்டுக்குள் இழுத்துவிட்டுக்கொண்டார். அது இரண்டு வாரமாகவே மஞ்சளாக இருந்தது.

பற்பசை இருந்த வழியில் அவர்கள் வரவில்லை. நேராகச் சோப்புத்தூளுக்கு வந்தார்கள். மூன்று அடுக்கு உயரத்துக்கு, சுவரின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் ஒரே நீலப் பெட்டி. சேர்மன் இடுப்பில் கை வைத்துப் பார்த்தார். தலையை ஆட்டினார்.

அப்போதுதான் மேனேஜரின் கண்ணில் அது பட்டது. நடு அடுக்கு, ஐந்தாவது வரிசை. முன்பெட்டியின் டேப் விட்டுப்போய், மேல்மூடி வாய் பிளந்து நின்றது. உள்ளே வெறுமை தெரிந்தது. யாரும் பார்ப்பதற்குள் மேனேஜர் அதை எடுத்து முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். முன்வரிசையில் ஓட்டை விழுந்தது.

ஸ்கேலக்கா யோசிக்கவில்லை. பதினான்கு வருடமாக ஓட்டையைப் பார்த்தால் போகிற கை தானாகப் போனது. உள்ளே நுழைந்து, பின்னால் இருந்ததைப் பிடித்து, விளிம்புக்கு இழுத்து, பெயர் வெளியே தெரியத் திருப்பி நிறுத்தியது. மணிக்கட்டில் இரண்டு கிலோ கனம் ஏறிய பிறகுதான் என்ன செய்தோம் என்று அவளுக்குத் தெரிந்தது. பெட்டியிலிருந்து கையை எடுக்காமல் அப்படியே நின்றாள்.

"சார், ஒண்ணைக் கையில எடுங்க" என்றார் போட்டோகிராபர்.

மேனேஜரின் முகம் வெளிறிப்போனது. சேர்மனும் ஒரு கணம் தயங்கினார். பிறகு தனக்கு நேராக இருந்த பெட்டியை நோக்கிக் கை நீட்டினார். அது ஐந்தாவது வரிசைப் பெட்டி. இன்னும் அதன் மேல் இருந்த அடுக்குக்காரியின் கையைப் பார்த்தார். ஸ்கேலக்கா கையை எடுத்தாள்.

சேர்மன் இரண்டு விரலால் இறகைத் தூக்குவதுபோல அதைத் தூக்கினார். அடுக்கை விட்டு வெளியே வந்ததும் அவர் கை பொதுக்கென்று கீழே இறங்கியது. மற்றக் கையால் அவசரமாகத் தாங்கிப் பிடித்தார். மேனேஜரைத் திரும்பிப் பார்த்தார்.

"பரவாயில்லையே" என்றார்.

போட்டோகிராபர் நாலு படம் எடுத்தார். மேனேஜர் சட்டைப் பையிலிருந்து மார்க்கர் பேனாவை எடுத்து நீட்டி, ஞாபகார்த்தமாக ஒரு கையெழுத்து வேண்டும் என்று குழைந்தார். சேர்மன் பெட்டியின் முன்பக்கத்தில் குறுக்காகக் கையெழுத்துப் போட்டார். மொத்தம் பன்னிரண்டு நிமிடம். கார் போனதும் மின்விசிறியைப் போட்டார்கள். சோப்புத்தூள் அடுக்கு சரசரவென்று சரிந்தது. யாரும் ஓடிப்போய் நிமிர்த்தவில்லை.

ஆறு மணிக்கு ஸ்கேலக்கா மேனேஜர் அறைக்குப் போனாள். பெட்டி மேஜைமேல் இருந்தது. வீட்டு விஷயத்தை முழுவதுமாகச் சொன்னாள். விரிப்பு, புண், நர்ஸம்மா சொன்னது எல்லாம். பதினான்கு வருடத்தில் அவள் அந்த அறையில் அவ்வளவு நேரம் பேசியதில்லை. முழு விலை கொடுத்து வாங்கிக்கொள்கிறேன் என்றாள்.

மேனேஜர் குறுக்கே பேசாமல் கேட்டார். கடைசியில் அவருக்கே வருத்தமாக இருப்பதுபோல உதட்டைப் பிதுக்கினார்.

"ஏம்மா, பெரியவர் கையெழுத்துப் போட்டதும்மா இது. இதைக் கொண்டு போய் மூத்திரத் துணி துவைக்கப் போறேங்கறே. உனக்கே எப்படி இருக்கு?"

"கையெழுத்து அட்டையிலதானே சார் இருக்கு. அட்டையை நீங்களே வச்சுக்கங்க. தூளை மட்டும் குடுங்க."

அவர் அவளை உற்றுப் பார்த்தார். "இந்தப் பெட்டி அடுக்குல எப்படி வந்துச்சுன்னு நான் இன்னும் கேக்கலை. கேக்கணுமா?"

அவள் வெளியே வந்தாள்.

மறுநாள் பேப்பரில் படம் வந்தது. அதை வெட்டி எடுத்துக்கொண்டு ஜனங்கள் கடைக்கு வந்தார்கள். வந்துகொண்டிருக்கிறது என்று ஸ்கேலக்கா சொன்னாள். ஒரு பெண், கைக்குழந்தையை இடுப்பில் இடுக்கியபடி, படத்தை அவள் முகத்துக்கு நேராகப் பிடித்தாள். சேர்மனுக்குப் பக்கத்தில் ஓரமாக ஒரு கை மட்டும் விழுந்திருந்தது. யூனிபார முழுக்கை, மணிக்கட்டில் கறுப்புக் கயிறு.

"இது உன் கைதானே? எடுத்துக் குடுத்தது நீதானே? அவருக்குன்னா இருக்கும், எங்களுக்குன்னா வந்துக்கிட்டிருக்குமா?"

ஸ்கேலக்கா கையை யூனிபாரக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டாள். அந்தப் பெண் அடுக்கின் ஓரத்தில் எச்சில் துப்பிவிட்டுப் போனாள். அதைத் துடைப்பதும் அவள் வேலைதான்.

கடை வாசலுக்கு உள்ளே ஒரு கண்ணாடிப் பேழை வந்தது. உள்ளே கண்ணாடிச் சட்டம் போட்ட போட்டோ, பக்கத்தில் கையெழுத்துப் பெட்டி, மேலே ஒரு சின்ன விளக்கு. பூட்டும் உண்டு. சாவி மேனேஜரிடம். பேழைக்கு இந்தப் பக்கம் தீயணைப்புக்கு வைத்த சிவப்பு வாளி, நிறைய மணல். தினமும் பேழையின் வெளிப்பக்கத்தைத் துடைக்கிற வேலை ஸ்கேலக்காவுக்கு வந்தது. கண்ணாடி துடைக்கிற திரவமும் தீர்ந்துபோயிருந்ததால் வெறும் தண்ணீரில் துடைத்தாள். கோடு கோடாக நின்றது.

வெறும் தண்ணீரில்தான் விரிப்பும் அலசினாள். மூன்று வாரத்தில் புண் உள்ளங்கை அளவுக்கு வந்தது. ஓரங்கள் கறுத்தன. நர்ஸம்மா உதட்டை மடித்துக்கொண்டு ஒரு சீட்டு எழுதி வைத்துவிட்டுப் போனாள். திங்கட்கிழமைக்குள் ஆறவில்லையென்றால் அந்தச் சீட்டோடு வார்டுக்கு வரவேண்டும். கணவன் அதைப் படித்துவிட்டுத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டான். அன்று அவளை மேடம் என்று கூப்பிடவில்லை. "அந்தக் கட்டில் மட்டும் வேணாம்னு சொல்லு" என்றான். எந்தக் கட்டில் என்று அவள் கேட்கவில்லை.

சனிக்கிழமை காலை பேழையின் உட்புறத்தையும் துடைக்கச் சொல்லி மேனேஜர் சாவியைக் கொடுத்தார். கடை திறக்க இன்னும் இருபது நிமிடம் இருந்தது. வாட்ச்மேன் பின்பக்கம் லாரிக்குப் போயிருந்தான். அந்த பில் பெண் மட்டும்தான் கவுண்டரில் இருந்தாள். ஸ்கேலக்கா அவளைப் பார்த்தாள். அவள் எழுந்து போய்க் குடோன் கதவருகே நின்றுகொண்டாள்.

கோட்டுக்கு அடியில் வயிற்றோடு சேர்த்து ஒரு கனமான பிளாஸ்டிக் பையைத் தட்டையாக மடித்துச் சொருகிக் கொண்டுவந்திருந்தாள் ஸ்கேலக்கா. வாட்ச்மேன் கைப்பையைத்தான் துழாவுவான், வயிற்றைத் துழாவமாட்டான். எல்லாவற்றையும் யோசித்து வைத்திருந்தாள். அடியைப் பிரித்துத் தூளைப் பையில் கொட்ட வேண்டும். வாளி மணலில் இரண்டு கிலோ அள்ளிப் பெட்டியில் போட வேண்டும். டேப் ஒட்ட வேண்டும். டேப் ஒட்டுகிற வேலையில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது.

பேழையைத் திறந்தாள். இரண்டு கிலோ கனத்துக்குத் தோளைத் தயாராக வைத்துக்கொண்டு பெட்டியைப் பிடித்துத் தூக்கினாள்.

கை விசுக்கென்று மேலே போய்ப் பேழையின் விளக்கில் இடித்தது.

பெட்டியைத் திருப்பி அடியைப் பார்த்தாள். குறுக்காகப் பிரவுன் டேப் ஒட்டியிருந்தது. கடை டேப். நேராக ஒட்டத் தெரியாதவர் ஒட்டியது, ஒரு முனை சுருங்கியிருந்தது. அந்த மடிப்பில் இரண்டு மூன்று நீலத் துணுக்குகள் சிக்கியிருந்தன. விரலால் தொட்டாள். ஒட்டிக்கொண்டு வந்தன.

பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. எலுமிச்சை வாசனை முதலில் வந்தது, மேனேஜர் அப்புறம் வந்தார். கோட்டு போட்டிருக்கவில்லை. சட்டைக் காலர் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது. அவள் கையில் இருந்த பெட்டியையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். சாவிக்காகக் கையை நீட்டினார்.

"கையெழுத்து வெளியே தெரியற மாதிரி வைம்மா" என்றார்.

அவள் வைத்தாள். கையெழுத்து இருந்த பக்கத்தை வெளியே திருப்பி, போட்டோவுக்கு நேர்கோட்டில் நிறுத்தி, அரை விரல் அளவு விளிம்புக்கு இழுத்துவிட்டாள். பேழைக் கதவைப் பூட்டிச் சாவியை அவரிடம் கொடுத்துவிட்டு, துணியைத் துடைக்கக் கொண்டுவந்த தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, வெளிக் கண்ணாடியை மேலிருந்து கீழாகத் துடைக்க ஆரம்பித்தாள். வெளியே ஏற்கெனவே வரிசை நின்றிருந்தது. முன்னால் நின்றவர்கள் கதவுக் கண்ணாடியில் நெற்றியை வைத்து, விளக்கு வெளிச்சத்தில் இருந்த நீலப் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.